நாற்காலி பார்த்துக்கொள்ளும்!

சென்ற மாதம் நண்பர் ஒருவரின் ஆபரேஷனுக்காக ஓர் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நாற்காலிகள் புத்தம்புதுசு. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சின்ன ஸ்டிக்கர்: 'கிருமிகளை எதிர்க்கும் துணி'. ஆஹா, நாற்காலிகூட நமக்காகப் போராடுகிறதே என்று நிம்மதியாகச் சாய்ந்துகொண்டேன்.

எதிரே ஒரு பாட்டி. அவர் மடியிலிருந்து இறங்கிய பேரன் நாற்காலியின் கைப்பிடியை நக்கிக்கொண்டிருந்தான். "வாயை எடுடா!" என்று பதறினாள் அவன் அம்மா. "விடும்மா, அதுல கிருமியே ஒட்டாதாம்" என்று ஸ்டிக்கரைக் காட்டினார் பாட்டி.

கொஞ்ச நேரத்தில் தரை துடைக்கும் அம்மா வந்தார். "காலைத் தூக்கிக்குங்க சார்." தூக்கினேன். தரை பளபளத்தது. நாற்காலிப் பக்கம் துணி போகவே இல்லை.

"சேரைத் துடைக்கலையாம்மா?"

"அது தானாவே கிருமியைக் கொன்னுடுமாம் சார். தரையை மட்டும் பாத்தா போதும்னுட்டாங்க. முன்னாடி இந்த ஃப்ளோருக்கு மூணு பேரு. இப்ப ரெண்டு பேருதான்."

அந்த மூன்றாவது நபரைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களிடம் பேசப்போகிறேன்.

முதலில் அந்தத் துணிக்கு நியாயம் செய்துவிடுவோம். கிருமிகள் துணியில் குடியிருப்பது கட்டுக்கதையல்ல. 2000-ம் ஆண்டு அமெரிக்காவின் சின்சினாட்டியில், ஆஸ்பத்திரித் துணிகளிலும் பிளாஸ்டிக்கிலும் கிருமிகளை விட்டுச் சோதித்தார்கள். எல்லாமே ஒரு நாளாவது தாக்குப்பிடித்தன. சில, 90 நாட்களைத் தாண்டியும் உயிரோடு இருந்தன. வெள்ளி கலந்த துணி கிருமியைக் கொல்லும் என்பதும் உண்மை. வெள்ளி அயனிகள் பாக்டீரியாவின் மேலுறையைச் சிதைத்து, உள்ளே போய்ப் புரதங்களைப் பிடித்துக்கொள்ளும். ஆனால், அதற்கு ஈரம் வேண்டும்; நேரம் வேண்டும்; முக்கியமாக, கிருமி அந்த வெள்ளியைத் தொட வேண்டும். தலை எண்ணெய், வியர்வை, சிந்திய காபி எல்லாம் நடுவில் படலமாகப் படிந்துவிட்டால், கிருமி மாடியில், வெள்ளி கீழ்த்தளத்தில். சந்திப்பே நடக்காது. ஆக, அந்தத் துணி ஒழுங்காக வேலை செய்வதற்கே யாராவது அதைத் துடைத்தாக வேண்டும்!

அமெரிக்காவில் ஒரு சுவாரஸ்யமான விதி உண்டு. பதிவு பெற்ற கிருமிக்கொல்லியைக் கலந்து, 'இந்தப் பொருளை இது பூஞ்சையிலிருந்தும் துர்நாற்றத்திலிருந்தும் காக்கும்' என்று மட்டும் சொன்னால், அந்தப் பொருளைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டாம். 'மனிதர்களை நோயிலிருந்து காக்கும்' என்று சொன்னால், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் நிரூபித்துப் பதிவு செய்தாக வேண்டும். அதாவது, முதல் வகை ஸ்டிக்கரின் உறுதிமொழி நாற்காலிக்கு, உட்காருகிறவருக்கு அல்ல. நாம்தான் அதை நமக்கென்று படித்துக்கொள்கிறோம். 2008-ல் தாமிர உலோகக் கலவைகள் இரண்டாவது வகைப் பதிவைப் பெற்றன. அவைகூட, 'வழக்கமான சுத்தத்துக்குத் துணைதான், மாற்று அல்ல' என்று சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

2015 டிசம்பரில் அமெரிக்காவின் பெரிய மருத்துவக் குழுமங்களில் ஒன்றான கைசர் பெர்மனென்டே, 15 கிருமிக்கொல்லி ரசாயனங்களைப் பட்டியல் போட்டு, அவை கலந்த துணிகளையும் நாற்காலிகளையும் இனி வாங்குவதில்லை என்று அறிவித்தது. அவற்றால் நோய்த்தொற்று குறைகிறது என்பதற்கு ஆதாரமில்லை என்பது முக்கியமான காரணம்.

"சரி, ஸ்டிக்கர் இருந்துட்டுப் போகட்டுமே... என்ன குடியா முழுகிடும்?" என்கிறீர்களா?

பூட்டு, ஹெல்மெட், பிரஷர் குக்கரின் சேஃப்டி வால்வு என்று எத்தனையோ பொருட்களிடம் நம் பாதுகாப்பை ஒப்படைத்திருக்கிறோம். தப்பில்லை. ஆனால், வால்வு இருக்கிறது என்பதற்காகக் குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு யாரும் கடைத்தெருவுக்குக் கிளம்புவதில்லை. வால்வு, கவனமாக இருப்பவருக்குத் துணை. இந்த நாற்காலியோ, கவனத்துக்குப் பதிலாக வாங்கப்பட்டது.

பொறுப்பு என்றால் என்ன? 'ஏன் செய்யவில்லை?' என்று கேட்டால், பதில் சொல்ல ஓர் ஆள் இருப்பது. நாளை அந்தப் பேரனுக்குக் காய்ச்சல் வந்தால் யாரைக் கேட்பது? துடைக்கும் அம்மா, 'வேணாம்னு சொன்னாங்க' என்பார். நிர்வாகம் ஸ்டிக்கரைக் காட்டும். கம்பெனியோ, 'நாங்க துணியைக் காப்பாத்துறதாத்தானே சொன்னோம்' என்னும். மூன்று பேருமே பொய் சொல்லவில்லை. காய்ச்சல் மட்டும் நிஜம்.

1847-ல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரசவ வார்டில் டாக்டர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவவைத்தார். தாய்மார்களின் சாவு சரசரவென்று குறைந்தது. அப்படியும் டாக்டர்கள் பலர் அவரை ஏற்கவில்லை. 'உன் கை அழுக்கு' என்பதை யார்தான் ரசிப்பார்கள்? 'உங்கள் நாற்காலி பழசு' என்று சொல்லுங்கள், சந்தோஷமாகப் புதுசு வாங்கிப்போடுவோம். அதற்குப் பணம் போதும். பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை.

அதனால், நாற்காலியோ, அப்பார்ட்மென்ட்டுக்குக் கேமராவோ, பாதுகாப்புக்காக எதை வாங்கினாலும் ஒரு கேள்வி கேட்டுப்பாருங்கள்: 'இது வந்த பிறகு, யார் கவனிப்பதை நிறுத்தப்போகிறார்கள்?'

நண்பர் நலம். கிளம்பும்போது வரவேற்பில் இருந்த பெண்ணிடம், "இந்தச் சேரையெல்லாம் கடைசியா எப்பம்மா துடைச்சாங்க?" என்று கேட்டேன். என்னைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். "ஸ்டிக்கர் இருக்கே சார்" என்றார்.

நீங்களும் கேளுங்கள். தரை துடைக்கும் அம்மாவிடம் அல்ல; ஒரு ஃப்ளோருக்கு எத்தனை பேர் என்று முடிவு செய்கிறவரிடம். நாலு பேர் கேட்டால், அந்த மூன்றாவது நபர் வேலைக்குத் திரும்பக்கூடும். அதுவரை, வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டுக் கையைக் கழுவிவிடுங்கள்!