ஹஃப்ஸாவிடம் இருந்த ஏடுகள்

யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்திருந்த பலர் கொல்லப்பட்டார்கள். நெஞ்சில் இருப்பது மட்டும் போதாது என்ற அச்சம் அப்போதுதான் வந்தது. கலீஃபா அபூபக்கர் சொல்ல, ஸைத் இப்னு ஸாபித் பேரீச்ச மட்டைகளிலிருந்தும் கற்களிலிருந்தும் மனிதர்களின் நினைவிலிருந்தும் வசனங்களைத் திரட்டினார். அந்த ஏடுகள் அபூபக்கரிடமும் பிறகு உமரிடமும் இருந்தன. உமருக்குப் பின் அவை அடுத்த கலீஃபாவிடம் போகவில்லை. உமரின் மகளும் நபியின் மனைவியுமான ஹஃப்ஸாவிடம் வந்தன. பிரதி எடுக்க உஸ்மான் அவரிடம்தான் கேட்டு வாங்கினார், திருப்பியும் கொடுத்தார்.

பயான்களில் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். பெண்ணைக் காவல்காரியாகப் புகழ்வதில் யாருக்கும் சங்கடமில்லை. காத்ததற்குப் பொருள் சொல்லவும் அவளுக்கு உரிமை உண்டா என்று கேட்டால்தான் பேச்சு மாறுகிறது. குர்ஆன், சுன்னா, இஜ்மா, கியாஸ் என்று சட்டத்தின் மூலங்களை மதரஸாவில் அடுக்குகிறோம். இஜ்மா என்றால் அறிஞர்களின் ஒருமித்த முடிவு. அந்த அறிஞர்கள் யார் என்ற கேள்வி பாடத்தில் வருவதில்லை.

ஃபாத்திமா பின்த் கைஸை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் தலாக்கும் ஆன தனக்கு இத்தா காலத்தில் தங்குமிடமோ ஜீவனாம்சமோ இல்லை என்று நபி தீர்ப்பளித்ததாக அவர் அறிவித்தார். உமர் ஏற்கவில்லை. நினைவில் வைத்தாளோ மறந்தாளோ தெரியாத ஒரு பெண்ணின் சொல்லுக்காக இறைவேதத்தை விட முடியாது என்றார். ஆயிஷாவும் ஃபாத்திமாவின் கூற்றை மறுத்தார். எனவே இதைப் பெண்ணுக்கு எதிராக ஆண் என்று எளிதாக எழுதிவிட முடியாது. விலக்கப்பட்டவளுக்கு வீடும் சோறும் வேண்டும் என்பதால் தீர்ப்பில் நான் உமர் பக்கம்தான். ஹனஃபிகள் போனதும் அந்த வழியில். ஆனால் 'ஒரு பெண்ணின் சொல்' என்ற காரணத்தை என்னால் விழுங்க முடியவில்லை. மறதி ஆணுக்கும் உண்டு. பின்னாளில் அஹ்மத் இப்னு ஹன்பல் இதே பெண்ணின் சொல்லைச் சட்டமாக எடுத்துக்கொண்டார்.

மதீனாவின் ஆளுநராயிருந்த மர்வானும் ஃபாத்திமாவிடம் ஆளனுப்பி விசாரித்தார். இதை ஒரு பெண் மட்டுமே சொல்கிறாள் என்று தள்ளினார். ஹஃப்ஸா இறந்தபின் அந்த ஏடுகளை வாங்கி அழித்ததாகச் சொல்லப்படுபவரும் இவர்தான்.

ஃபாத்திமா தன் நினைவாற்றலுக்குச் சாட்சி தேடவில்லை. உங்களுக்கும் எனக்கும் நடுவே குர்ஆன் இருக்கிறது என்று தலாக் அத்தியாயத்தின் முதல் வசனத்தை ஓதிக்காட்டினார். இதற்குப் பின் அல்லாஹ் ஏதேனும் ஒன்றைப் புதிதாக உண்டாக்கலாம் என்கிறதே, அது மீட்டுக்கொள்ள வழியுள்ள தலாக்குக்கு அல்லவா? மூன்றுக்குப் பிறகு புதிதாக என்ன நடந்துவிடப் போகிறது என்று கேட்டார்.