எலும்புப் படம்: காண்டலா, கருதலா?

உடலுக்குள் செலுத்திய மருந்து திரையில் காட்டுவது நேர்க்காட்சியா, அனுமானமா என்பது அளவையியலின் கேள்வி. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் தம் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் தொடக்கத்திலேயே அறியும் வழிகளைக் காண்டல் (நேர்க்காட்சி), கருதல் (அனுமானம்), உரை என்ற மூன்று அளவைகளில் அடக்கினார். கருதலுக்கு ஏது வேண்டும். நெருப்புக்குப் புகை போல.

1895இல் ராண்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ் கதிர் எலும்பைக் காட்டியது, குடலைக் காட்டவில்லை. 1910 முதல் பேரியம் சல்பேட் கலவையைக் குடிக்கக் கொடுத்தார்கள். கஞ்சி போன்ற அந்தக் கலவை நிரம்பிய இடம் படத்தில் வெளுக்கும். கட்டி உள்ள இடத்தில் நிரம்பாது. தெரிவது கட்டியல்ல, பேரியம் இல்லாமை. சித்தியார் சொல்லும் ஏதுக்களில் அநுபலத்தி, அதாவது இல்லாமையையே ஏதுவாகக் கொள்வது, இதுவே.

கதிரியக்கத் தடயம் வேறு வகை. 1923இல் வேதியியலாளர் ஹெவெசி கதிரியக்க ஈயத்தை அவரைச் செடிக்குள் பின்தொடர்ந்தார். உயிருக்கு வேறுபாடு தெரியக் கூடாது, கருவிக்குத் தெரிய வேண்டும். முறை முழுவதும் இதில்தான் நிற்கிறது. 1962இல் எலும்புப் படத்துக்கு ஃபுளூரின்-18 என்ற தடயம் வந்தது. அதன் அரை ஆயுள் 110 நிமிடம். 1971இல் கோபால் சுப்பிரமணியனும் மெக்காஃபியும் டெக்னீசியம்-பாஸ்பேட் சேர்மத்தைக் கொண்டுவந்தார்கள். இரண்டுமே எலும்பு மும்முரமாக உருவாகும் இடத்தில் சேர்கின்றன. புற்று பரவிய எலும்பிலும் அப்படித்தான்.

இங்கே சேலம், நாமக்கல் பகுதி தனிக் கவனம் கேட்கிறது. இந்தப் பாறை நிலத்துச் சில ஊர்களின் ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டுகிறது. அந்த நீரைச் சிறுவயதிலிருந்தே குடித்தவருக்குப் பல்லில் பழுப்புக் கறை படியும், பல ஆண்டு குடித்தவருக்கு முதுகு விறைக்கும். இந்த ஃபுளோரைடு நோய் முற்றினால் எலும்புக்கூடு முழுவதுமே தடயத்தை வாரி இழுத்துக்கொள்ளும். படம் எங்கும் புற்று பரவியது போலத் தோன்றும். மூடுபனியைப் புகை என்று கொண்டு நெருப்பை முடிவு செய்வது போன்ற பிழை இது. ஒரு குடும்பத்தையே நிலைகுலையச் செய்யும். படம் கண்ணுக்குத் தெரிவதாலேயே அதைக் காண்டல் என்று கொள்வதுதான் பிழையின் வேர். திரையில் இருப்பது ஏது மட்டுமே.

எனவே மூன்றாம் அளவையான உரையும் தேவைப்படுகிறது. "போர்த் தண்ணி குடிக்கிறீங்களா, காவேரித் தண்ணிங்களா? எத்தனை வருசமா?" என்ற கேள்விக்கு நோயாளி தரும் பதில் எந்தக் கருவியிலும் கிடைக்காது. சித்தாந்தத்தில் உரை என்பது இறைநூலைக் குறிக்கும். நோயாளியின் சொல்லுக்கு அந்தத் தகுதி இல்லை. ஆனாலும், அறிந்தவர் சொல்ல வேண்டும் என்ற நெறி இரண்டுக்கும் பொருந்தும். நோயாளியின் சொல்லைச் சோதித்தும் கொள்ள வேண்டும். சோதனைக்குச் சாதாரண எக்ஸ்-ரே உதவும்: எலும்பு அடர்ந்திருக்கிறதா, முன்கையின் இரு எலும்புகளுக்கு இடையிலுள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். சிறுநீரிலும் ஃபுளோரைடை அளப்பார்கள். சந்தேகம் நீங்காவிட்டால் எலும்புத் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வார்கள்.