செவியும் அளவுகோலும்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் திருவிழாவிலே கூம்பு ஒலிபெருக்கி வழியாக மேளக்கச்சேரி கேட்போருக்குத் தவிலின் வலந்தலை ஓசை செவியைத் துளைக்கும். தொப்பியின் முழக்கமோ தேய்ந்துவிடும். தாழ்ந்த ஒலிகளைக் கைவிட்டே கூம்பு தொலைவை வெல்கின்றது. எமக்கு அவ்வோசையே இனிது என்பாருமுளர். சுவைக்கு அளவுகோல் உண்டோ?

1980களிற் கனடாவில் புளொயிட் டூல் என்னும் ஆய்வாளர் ஒலிபெருக்கிகளைத் திரையால் மறைத்து, கேட்போரை மதிப்பிடச் செய்தார். தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் ஏற்றத்தாழ்வின்றித் தருவனவென அளவுக்கருவிகள் காட்டியவற்றையே பெரும்பாலோர் விரும்பினர். உருவம் மறைந்ததும் சுவைகள் பெரிதும் ஒன்றுபட்டன!

தீவகத்தார் கூம்பின் ஓசையில் விரும்புவது திருவிழாவின் நினைவையே என்பது என் துணிபு. அந்நினைவை எவரும் அளக்கவேண்டியதில்லை. ஆனால், தொப்பியிற் கழிகொண்டு வாசித்த கலைஞரின் உழைப்புக் கேட்போரை அடைந்ததா என்பது சுவையைச் சார்ந்த வினாவன்று. குறிகட்டுவானிலிருந்து படகில் வருவோருக்குக் கூம்பின் அழைப்புப் போதும். கோயில் வீதியில் அமர்ந்து கேட்போருக்குப் போதாது.