யார் முறை?

டோல்கேட்காரனுக்குப் பழவேற்காடு ஒன்றும் தூரமில்லை. திருவொற்றியூரில் மின்சார ரயில் ஏறிப் பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்தால் ஏரி வந்துவிடும். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி. டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்க்கத்தான் நிறையப் பேர் வருகிறார்கள். நான் போனது ஏரிக்கரைக் குப்பத்துக்கு.

கரையில் ஒரு பெரியவர் வலையைப் பிரித்துப்போட்டுக் கொண்டிருந்தார். நல்ல வெயில், நல்ல நீரோட்டம். "ஏரிக்குப் போகலையா ஐயா?" என்றேன்.

"இன்னிக்கு நம்ம பாடு இல்ல சார்."

பாடு என்றால் இங்கே கஷ்டம் இல்லை, முறை. முகத்துவாரத்தை ஒட்டி, இறால் நன்றாகப் படும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் அங்கேயே வலை கட்டினால் வெட்டுக்குத்துதான். அதனால் சீட்டுக் குலுக்கி, இன்று இந்த இடம் இவருக்கு, நாளை இன்னொருவருக்கு என்று பிரித்துக்கொள்கிறார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம் மூன்றிலும் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த ஏற்பாடு இது.

"ராத்திரி யாரும் பாக்காதப்ப போட்டா?"

"பாத்துட்டா ஊர்ல அபராதம். பாக்கலன்னா, நாளைக்கு என் பாட்டுல அவன் போடுவான்." அவ்வளவுதான். சட்டம், தத்துவம் எல்லாம் அதில் அடக்கம்.

நான் பி.காம். படித்தவன். பொதுச் சொத்து என்றால் ஆளாளுக்கு மேய்ந்து மொட்டையடித்துவிடுவார்கள் என்று 1968-ல் காரெட் ஹார்டின் எழுதியது பிரபலம். அப்படி இல்லை, ஜனங்களே விதி போட்டுக் காப்பாற்றுகிறார்கள் என்று ஊர் ஊராக உதாரணம் காட்டிய எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. பெரியவரைப் பார்த்ததும், ஆஸ்ட்ரம் அம்மா ஜெயித்துவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அப்போதுதான் தண்ணீரில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். இருளர். கழுத்தளவு தண்ணீரில், கையாலேயே சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறார். பிடித்ததைப் போட ஓலைப் பறி. இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டிருக்கிறார்.

"அந்தம்மாவுக்குப் பாடு உண்டா?"

பெரியவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "பாடு எங்க ஜனத்துக்கு சார். அதுலயும் ஆம்பளைங்களுக்கு."

ஆஸ்ட்ரம் சொன்ன நிபந்தனைகளில் முதலாவதே இதுதான்: யார் உள்ளே, யார் வெளியே என்பது தெளிவாக இருக்க வேண்டும். இங்கே ரொம்பத் தெளிவாகவே இருக்கிறது. உள்ளே இருப்பவர்களுக்குள் அப்பழுக்கில்லாத நியாயம். வெளியே நிற்பவருக்கு அந்த நியாயம் ஒரு சுவர்.

பெரியவரின் பயமும் பொய்யில்லை. "ஆளு கூடுது சார், ஏரி கூடுதா?" என்றார். முகத்துவாரம் அடிக்கடி மண் மேடிட்டு அடைத்துக்கொள்கிறது. தெற்கே எண்ணூரில் 2001-ல் துறைமுகம், அப்புறம் காட்டுப்பள்ளியில் இன்னொன்று. புதிதாகப் பத்துப் பேரைச் சேர்த்தால் இவர் முறை இன்னும் தள்ளித்தான் வரும். அந்தப் பத்துப் பேருக்கோ முறை வருவதே இல்லை. எது பெரிய அநியாயம் என்று கேட்டால், இரண்டாவதுதான் என்பேன். இதைச் சொல்ல எனக்கு எதுவும் செலவாகவில்லை என்பதும் உண்மை.

அவரிடம் வாதாட வாயெடுத்தேன். டோல்கேட்டில் எங்கள் தெருக் குழாய் ஞாபகம் வந்து தடுத்தது.

எனக்குப் பத்து வயசு இருக்கும். தண்ணீர் வருவதற்குள் குடங்கள் வரிசையில் உட்கார்ந்துவிடும். வீட்டுக்கு இரண்டு. வரிசையைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம் எனக்கு. பின்பக்கக் குடிசைக்குப் புதிதாக வந்த ஓர் அக்கா விடிவதற்கு முன்பே வந்து மஞ்சள் குடம் ஒன்றை முன்னால் வைத்திருந்தார். "புதுசா வந்தவங்க கடைசியிலதான்" என்று அதைத் தூக்கிக் கடைசியில் வைத்தேன். நானாகப் போட்ட விதி இல்லை. தெருவே ஒத்துக்கொண்டது. அந்த அக்காவை மட்டும் யாரும் கேட்டதில்லை.

அன்றைக்குக் குழாயடியில் சண்டையே வரவில்லை. எல்லோரும் முறைப்படி பிடித்தார்கள். மஞ்சள் குடத்துக்கு நாலு ஆள் முன்னால் தண்ணீர் நின்றுவிட்டது.

"சீட்டுக் குலுக்கறப்ப அவங்களைப் பத்தி யாராவது பேசினதுண்டா ஐயா?"

"பேசினா சண்டை வரும் சார்" என்றார், வலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பொன்னேரி பஸ் ஹாரன் அடித்தான். எழுந்துகொண்டேன். அந்தப் பெண் இன்னும் தண்ணீரில்தான் இருந்தார்.