திரும்பலாம் என்று சொல்ல ஒருவர்

ஒரு குடும்பம் ஒன்றாகச் சேர்ந்து ஒரு காரியத்தில் இறங்குகிறது. அந்த முடிவை எடுத்தது யார்? கல்யாணமானாலும் சரி, வீடு கட்டுவதானாலும் சரி, இந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடைப்பதில்லை. 'எல்லாருமாகச் சேர்ந்துதான் முடிவு பண்ணினோம்' என்பார்கள். எல்லாருமாக எடுத்த முடிவு என்று ஒன்று உண்மையில் உண்டா, உண்டென்றால் அதற்குப் பொறுப்பாளி யார் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். மற்றக் காரியங்களில் இந்தக் குழப்பத்தால் பணம் போகும், மனஸ்தாபம் வரும். மலையேற்றத்திலோ உயிரே போய்விடும். ஆகவே மலையை வைத்தே இதைப் பேசிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

மடத்துக்குளத்துக்காரர்களுக்கு மலை என்றால் பழனிமலைதான். தைப்பூசத்துக்கு உடுமலைப் பக்கமிருந்து நடந்து போகிறவர்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் அமராவதியைத் தாண்டிப் போவார்கள். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போகிற தாய்மாரும் உண்டு. கோலூன்றிப் போகிற கிழவரும் உண்டு. வழியெல்லாம் மோரும் சோறும் கிடைக்கும். மலையோ ஏறக்குறைய 450 அடி உயரம். படிகள் 700-க்குச் சற்றுக் குறைவு. முடியாதவர்களுக்கு விஞ்ச் இருக்கிறது, ரோப் கார் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக இந்த மலை நமக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறது: மனசிருந்தால் யாரும் ஏறலாம், தளர்ந்துபோனால் யாராவது கை கொடுப்பார்கள்.

பழனியைப் பொறுத்தவரை அது உண்மையான பாடம். அதே பாடத்தை நம்பித்தான் நம்மவர்கள் வெள்ளியங்கிரிக்கும் போகிறார்கள். கோயம்புத்தூருக்கு மேற்கே, பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏற வேண்டும். உச்சி ஏறக்குறைய 6,000 அடி. ஆரம்பத்தில் செங்குத்தான படிகள். பிறகு கரடுமுரடான பாறை. மேலே இரவுக் குளிர் எலும்பைத் துளைக்கும். அங்கே விஞ்ச் இல்லை. ஒருவர் விழுந்துவிட்டால் டோலி கட்டி மனிதர்கள்தாம் தூக்கி வரவேண்டும். இருதய நோயும் மூச்சுத் தொல்லையும் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை எச்சரிக்கிறது. அப்படியிருந்தும், 2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் மூச்சுத் திணறியும் நெஞ்சு வலித்தும் பலர் அந்த வழியிலேயே இறந்துபோனார்கள்.

இப்போது ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மைத்துனன், சனிக்கிழமை சம்பளம் வாங்கிய உற்சாகத்தில், 'மச்சான், இன்னைக்கு ராத்திரியே வெள்ளியங்கிரிக்குப் போயிட்டு வந்துடலாமுங்க' என்கிறான். மச்சானுக்கு முழங்கால் வலி. ஆனால் பெண்டாட்டியின் தம்பி ஆசையாகக் கூப்பிடும்போது மறுத்தால் நன்றாயிருக்குமா? 'அதுக்கென்ன, போலாம்' என்கிறார். மாமனாருக்கு அறுபத்தைந்து வயது. மாப்பிள்ளை போகும்போது தாம் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் கிழவரென்று பேராகிவிடும். அவரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்கிறார். பத்து வயதுப் பையன் அப்புச்சியின் கையைப் பிடித்துக்கொள்கிறான். அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. காலில் ரப்பர் செருப்பு. கையில் ஒரு பாட்டில் தண்ணீர். நாளெல்லாம் தையல் மிஷினில் குனிந்திருந்த உடம்பு. வேன் கிளம்பிவிடுகிறது.

இதில் முடிவு செய்தவர் யார்? மைத்துனனைக் கேட்டால், 'எல்லாரும் சரின்னாங்க' என்பான். மற்றவர்களைக் கேட்டால், 'அவன் ஆசைப்பட்டான்' என்பார்கள். அமெரிக்கப் பேராசிரியர் ஜெர்ரி ஹார்வி 1974-இல் இதே போன்ற கதை ஒன்றை எழுதினார். டெக்ஸாஸில் கொதிக்கும் கோடை நாளில், மாமனார் பேச்சுக்குச் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, குடும்பமே 53 மைல் காரில் போய், ருசியற்ற சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறது. வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிகிறது, ஒருவருக்குமே போக விருப்பமில்லை என்பது! அங்கே நஷ்டம் ஒரு பிற்பகல். வெள்ளியங்கிரியின் ஐந்தாவது மலையில், நள்ளிரவில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மாமனார் பாறையில் உட்காரும்போது நஷ்டக் கணக்கு வேறு.

அவர் இரண்டாவது மலையிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லமாட்டார். பேரனின் ஆசையைக் கெடுத்தவர் என்று ஆகிவிடுமே! மாப்பிள்ளைக்கு அவர் மூச்சு வாங்குவது தெரியும். ஆனால் மாமனாரைப் பார்த்து 'உங்களால் முடியாது' என்று மரியாதையுள்ள மாப்பிள்ளை எப்படிச் சொல்வான்? ஒருவர் மனம் ஒருவருக்கு நோகக்கூடாது என்கிற அந்த நல்ல குணமே, வாய்க்கு வாய் பூட்டுப் போட்டுவிடுகிறது. பகைவர்கள் நால்வர் சேர்ந்து ஏறியிருந்தால், இரண்டாவது மலையிலேயே சண்டை போட்டுக்கொண்டு இறங்கியிருப்பார்கள்!

அப்படியானால் பாசமே ஆபத்தா? அதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். 1846-இல் கலிபோர்னியாவை நோக்கி வண்டி கட்டிப் போன டானர் கூட்டத்தின் கதை இதற்குச் சாட்சி. 87 பேர், பெரும்பாலும் குடும்பங்கள், ஏறக்குறைய பாதிப்பேர் சிறுவர், சிறுமியர். பழைய தடத்தை விட வேண்டாம் என்று வழி தெரிந்த ஒருவர் எச்சரித்தும், குறுக்குவழியை நம்பிப் போய், சியரா நெவாடா மலையில் பனியில் சிக்கினார்கள். ஏறக்குறைய பாதிப்பேர் மடிந்தார்கள். அந்தச் சாவுகளை டொனால்ட் கிரேசன் என்ற மானிடவியல் அறிஞர் 1990-இல் ஆராய்ந்தபோது ஒன்று புலப்பட்டது. துணையின்றித் தனியாக வந்த வலுவான வாலிபர்களே அதிகம் இறந்தார்கள். பெரிய குடும்பத்தோடு இருந்தவர்கள் அதிகம் பிழைத்தார்கள். சிக்கிக்கொண்ட பிறகு ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதும் அதே பாசந்தான். ஐயோ, அது கொஞ்சம் முன்னதாக, வண்டியைத் திருப்புவதற்கு உதவியிருக்கக்கூடாதா?

நம் பக்கத்து மக்களுக்குக் குரங்கணி மறக்கக்கூடிய பெயரல்ல. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. போடிநாயக்கனூருக்கு அருகே, கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த இரண்டு குழுக்களைக் காட்டுத் தீ சூழ்ந்தது. ஒன்று சென்னையிலிருந்து வந்தது. மற்றொன்று ஈரோடு, திருப்பூரிலிருந்து போனது. அதில் குழந்தைகளும் இருந்தார்கள். சரிவிலே தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடுகொடுக்காது. காய்ந்த புல்லில் கேட்கவே வேண்டாம். 23 பேர் மாண்டார்கள். மாண்டவர்கள்மீது குற்றம் சொல்ல எனக்கு நா எழாது. அவர்கள் அழைத்துச் சென்றவர்களை நம்பினார்கள், நம்புவது பாவமல்ல. ஆனால் நம்மை நம்பிக் கை பிடித்து வருகிறவன் ஒரு குழந்தையானால், நமது நம்பிக்கைக்கு அவனல்லவா ஜாமீன் நிற்கிறான்? நம் உயிரைப் பணயம் வைக்க நமக்கு உரிமை உண்டு என்றே வைத்துக்கொள்ளுவோம். கேட்கப்படாதவனின் உயிரைப் பணயம் வைக்கும் உரிமையை எந்த உறவும் கொடுப்பதில்லை. தகப்பன் என்ற உறவும் கொடுப்பதில்லை.

மலைக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவரவில்லை. உயரத்தில் நின்று ஊரைப் பார்க்கும் ஆசை மனிதனோடு பிறந்தது. நான் கேட்பது ஒன்றே. 'திரும்பலாம்' என்ற சொல்லைத் தளர்ந்தவன் சொல்லட்டும் என்று காத்திருக்கக்கூடாது, அவன் சொல்லமாட்டான். கூட்டத்தில் யாருக்கு வலு அதிகமோ அவன் சொல்ல வேண்டும். 'எனக்கு முடியலீங்க மாமா, போதும்' என்று அந்த மைத்துனன் தன்மேல் போட்டுக்கொள்ளட்டும். பொய்தான். ஆனால் மாமனாரின் மானத்தையும் உயிரையும் ஒருசேரக் காக்கும் பொய். அதைச் சொல்லத் தெரிந்த ஒருவன் கூட்டத்தில் இருக்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் ஒரு குடும்பம் மலையடிவாரத்தில் கால் வைக்க வேண்டும். தடியும் தண்ணீரும் அதற்கு அடுத்தபடிதான்.