தலை மாறினால் கார் மாறுமோ?

1964-இல் வெளிவந்த 1275 சி.சி. மினி கூப்பர் எஸ் காரின் வார்ப்பிரும்புச் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிவிட்டு, வேறொரு நிறுவனம் வார்த்த அலுமினிய ஹெட்டைப் பூட்டினால், அது பழைய கார்தானா என்று மலேசியாவின் கம்பாரில் ஓர் அன்பர் கேட்டது தத்துவ விசாரத்துக்குரிய வினாவே.

பழைய ஹெட்டில் நான்கு சிலிண்டர்களுக்கும் காற்று நுழையும் வாயில்கள் இரண்டே. ஈயமற்ற இன்றைய பெட்ரோலில் அதன் வால்வு சீட்டுகளும் விரைந்து தேயும். அலுமினியம் எடை குறைந்தது, வெப்பத்தை விரைந்து கடத்துவது. ஆயினும் சூட்டில் இரும்பைப்போல் ஏறக்குறைய இருமடங்கு விரிவதால் கேஸ்கெட்டில் கவனம் வேண்டும்.

உறுப்பு மாறினால் பொருள் மாறுமோ என்ற வினா புதிதன்று. அச்சும் சக்கரமும் நுகமும் கூடியவழி வழங்கும் பெயரே ரதம் என்று மிலிந்த மன்னனுக்கு உரைத்தார் பௌத்தத் துறவி நாகசேனர். நம் ஆலயங்களிலோ, பாலாலயம் செய்து மூர்த்தியின் சாந்நித்தியத்தை வேறிடத்தில் ஆவாகித்து, விமானத்தைப் புதுக்கிக் குடமுழுக்காட்டியபின், அதே கோயிலென்றே வணங்குகிறோம்.

காருக்கு ஆன்மா இல்லையாதலின், அதன் ஒருமை அதன் சுபாவத்தைப் பேணுவோரிடமே நிலைபெறுகிறது. பந்தயத்துக்கென வாயிலை மிகப் பெரிதாக்கிய ஹெட், தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு மெல்ல ஏறுகையில் இழுவையை இழக்கும். மிதமான வாயிலும் கடினமான வால்வு சீட்டும் உடையதோ அவ்வெஞ்சினின் இயல்பையே பூரணமாக்கும். அத்தகையதைத் தேர்ந்து, பழைய ஹெட்டையும் எண்ணெயிட்டுப் பத்திரப்படுத்துபவர், மாற்றத்தையும் மரபையும் ஒருங்கே போற்றுகிறார். அவரிடத்தில் அது பழைய காரே என்பது என் துணிபு.