ரிட்டர்ன் லோடு

ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிற சேலம் விமான நிலையத்திலிருந்து நேபாளத்து ஜோம்சோம் விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். சென்னை, டெல்லி, காத்மாண்டு, பொக்காரா என்று மாறி மாறி ஏறினாலும் வானத்தில் இருக்கும் நேரம் ஏழு மணி நேரத்தைத் தாண்டாது. போய்ச் சேரத்தான் நாள்கணக்காகும். காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் மதியத்துக்கு மேல் காற்று பேயாய் அடிப்பதால் ஜோம்சோமுக்குக் காலையில்தான் சிறு விமானம் விடுகிறார்கள். மேகம் இறங்கிவிட்டால் அதுவும் கிடையாது.

ஜோம்சோம் வழியாக முக்திநாத் பெருமாளைப் பார்க்கப் போகிறோம் என்றதும் என் பழைய டிரைவர், "அங்கெதுக்குங்க போகோணும்? அவருதான் நாமக்கல்லுக்கே வந்துட்டாருங்களே" என்றார்.

நியாயமான கேள்வி. கண்டகியில் எடுத்த சாளக்கிராமக் கல்தானே எங்கள் நாமக்கல் மலை! சஞ்சீவி மலையைத் திரும்ப வைத்துவிட்டு வரும் வழியில் ஆஞ்சநேயர் அதைக் கொண்டுவந்தார். கமலாலயக் குளத்தில் இறங்க வேண்டி, தவத்தில் இருந்த தாயாரிடம் கொடுத்தார். சொன்ன நேரத்துக்குள் வரவில்லை. தாயார் கீழே வைத்ததும் மலையாய் வளர்ந்துவிட்டது என்பது தலபுராணம். சாளக்கிராமத்துக்குப் பிரதிஷ்டையே வேண்டாம் என்பது வைணவ வழக்கு. வைத்த இடத்தில் பெருமாள் முழுசாக இருக்கிறார் என்றால், இத்தனை தூரம் போவது பக்தியா, ஊர் சுற்றலா?

லாரி ஓட்டிப் பிழைத்தவன் நான். வாடகை பேசுவது கிலோமீட்டருக்கு; வண்டியைத் தின்பது ஹால்டிங், நின்று காத்திருக்கும் நேரம். ஆனால் கடலையே தாண்டிய ஆஞ்சநேயருக்கு 2,000 கிலோமீட்டர் ஒரு தூரமா? அவர் குளத்தருகே நின்றதால்தான் எங்களுக்குச் சாமி கிடைத்தது.

பொக்காராவில் எங்கள் விமானம் ரத்தானது. கூட வந்தவர்கள் கவுன்டரில் சண்டை போட்டார்கள், நானும்தான் போட்டேன். என் மனைவி மட்டும் பக்கத்து நாற்காலி குஜராத்தி அம்மாவிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. உள்ளங்கையைக் குவித்துக் கல் என்றாள்; தரையில் வைத்தாள்; இரண்டு கையையும் தலைக்கு மேல் விரித்து மலை ஆக்கினாள். அந்த அம்மா எழுந்து கும்பிட்டார். முக்திநாத்தில் 108 தாரைகளிலும் பனித்தண்ணீரில் ஓடி ஓடி நனைந்தபோதுகூட எனக்கு அப்படிச் சிலிர்க்கவில்லை. யாத்திரையின் பலன் பறந்த நேரத்தில் இல்லை, நின்ற நேரத்தில் இருக்கிறது என்று அப்போது பட்டது.

ஊருக்கு வந்து டிரைவரிடம் இதைச் சொன்னேன். "அப்ப சஞ்சீவிக்குப் போனப்ப மட்டும் ஏனுங்க அந்த ஓட்டம்?" என்றார். உயிர் போகிற நேரம், அது அவசர லோடு. சாளக்கிராமம் திரும்பும் வழியில் ஏற்றிய ரிட்டர்ன் லோடு, அதை அடித்துப் பிடித்து ஓட்டத் தேவையில்லை என்றேன்.

"ரிட்டர்ன் லோடுன்னாலும் பார்ட்டி போன் பண்ணிட்டேதானுங்க இருப்பான்" என்றார்.